ஒஸ்ற்சே மணலில் கிடந்த தாலிக்கொடி

டுசல்டோர்ஃப்,
யூன் மாதம், செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் தேனுஜாவுக்கு,

நான், உன் சின்னம்மா புஸ்பவதி, தங்கச்சி கவிசா, மூன்று பேரும் மூன்று வேளையும் சாப்பிட்டு, இடையிலே சண்டையும் பிடித்து, நன்றாகவே இருக்கிறோம், சின்னம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒருநாள் முன்னதாகவே மழையை அறிவிக்கிறது, நீயும் அந்த அவுஸ்திரேலியாக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ இருக்கும் ஊரின் பெயரை நான் எழுதவில்லை, ஏன் என்று போகப் போக விளங்கும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனில் கதைத்தால் ஒன்று பத்தாகிவிடும், நீயும் சித்தப்பா கதை விடுகிறார் என்று சிரித்துவிடுவாய், இது சிரிக்கிற விசயம் இல்லை பிள்ளை. விசயம் இதுதான், நீ விட்டுப் போன உன் புருசன் நிசாந் என்னிடம் உன் புது வீட்டு விலாசத்தைக் கேட்டான். கவிசாவிடம் வாங்கித் தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன், போன ஞாயிற்றுக்கிழமை கொடுக்கவேண்டிய நாள். கொடுக்கவில்லை, முதலில் அந்த மூச்சை விடு. ஆனால் கொடுக்கத்தான் இருந்தேன். ஏன் கொடுக்கவில்லை என்பதையும், அதற்கு முன்னமே என் வாய் செய்து வைத்திருக்கிற ஒரு வேலையையும், நீ இப்போது என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லத்தான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பேனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், தமிழாலயத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவள் நீ, திருத்தி வாசி.

நீ கலியாணம் கட்டிப் போன பிறகு நடந்த பெரிய மாற்றம் எங்கள் வேன். முப்பத்தொரு வருசம் குசினி அடுப்புக்கு முன்னால் நின்ற முதுகு இனி ஏலாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததும், ஒரு பாண் பேக்கரிக்காரன் விற்ற பழைய வேனை வாங்கி, படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முருகன் படம் எல்லாம் என் கையாலேயே பூட்டினேன், இப்போது அதைப் பார்க்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் எந்தக் கொம்பனியில் செய்தது என்று கேட்கிறார்கள். இன்னமும் வெயில் அடித்தால் உள்ளே பாண் வாசம் வரும். அதிலே ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நான் செய்கிற தொழில் என்னவென்றால் டிற்றெக்ரர். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடுகிற நீளத் தடி, அடியிலே தட்டு, காதிலே ஹெட்போன். பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தட்டை ஆட்டிக்கொண்டு நடந்து, சத்தம் வந்த இடத்தைக் கிண்டிப் பார்க்கவேண்டும், அதற்கு அன்றாக் என்கிற விண்ணப்பம் போட்டு அனுமதியும் எடுத்து வைத்திருக்கிறேன், அன்றாக்கைத் தானே எழுதினேன் என்று கவிசா சொல்வாள், கையெழுத்துப் போட்டது நான், கையெழுத்துத்தானே முக்கியம். பான் நகரத்துப் பூங்காவில் ரோமச் சக்கரவர்த்தியின் படைத்தளபதி போட்ட மோதிரம் எடுத்தேன், கவிசா அது திரைச்சீலை வளையம் என்கிறாள், அவளுக்குச் சரித்திரம் தெரியாது. என்னைக் கண்டால் இப்போது யேர்மன் டிற்றெக்ரர்காரர் தொப்பியைக் கழற்றுகிறார்கள். ஒன்று மட்டும் கூட்டாமல் சொல்கிறேன், என் காது நல்ல காது. இரும்பு உறுமும், சோடாப் பேணியின் மூடி கத்தும், ஆனால் தங்கத்துக்கு ஒரு சத்தம் இருக்கிறது, நித்திரையில் பிள்ளை முனகுகிற மாதிரி, மெல்லிசாக, அடியிலே இருந்து வரும். அதை ஒருக்கால் கேட்டவனுக்கு மறக்காது. எனக்கு இப்போது ஹெட்போன் போடாத நேரத்திலும் கேட்கிறது.

மே மாதக் கடைசியில் நானும் சின்னம்மாவும் வடக்கே ஒஸ்ற்சே கடலோரம் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். விடுமுறைக் கூட்டம் இன்னும் வரவில்லை, வேன்கள் நிற்கிற அந்தத் தரிப்பிடத்தில் நாங்களும், நாய் வைத்திருந்த ஒரு கிழட்டுத் தம்பதியும், அவ்வளவுதான். அந்தக் கடலைப் பார்த்தால் எங்கள் கடல் மாதிரி இல்லை, அலை பெரிதாக வராது, சாம்பல் நிறத்தில் ஒரு வயசாளி மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும். மூன்றாம் நாள் காலமை, தண்ணீர் கணுக்காலுக்கு வருகிற இடத்தில் அந்தச் சத்தம் வந்தது. ஒரு முழ ஆழம் கிண்டினேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், உண்மையில் ஒரு சாண்தான். சல்லடையில் மணல் இறங்கினதும் உள்ளே பளபளத்துக்கொண்டு கிடந்தது தாலிக்கொடி. எங்கள் ஆட்களுடைய கொடி, நல்ல மொத்தமானது, நடுவில் பிள்ளையார் தாலி, இரண்டு பக்கமும் பவுண் காசு, பூட்டின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. ரோமத் தளபதியின் மோதிரத்தைக் கண்டு துள்ளினவன் இதைக் கண்டு முழங்காலில் இருந்துவிட்டேன். எந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்து போனது, அவள் உயிரோடு இருக்கிறாளா, கடல் அவளை வைத்துக்கொண்டு கொடியை மட்டும் கரையில் போட்டதா என்று என்னை நானே கேட்டேன். சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவள் கையை நீட்டவில்லை, இரண்டு அடி பின்னுக்குப் போய், "உதை ஏன் எடுத்தனீங்கள்? கழுத்தை விட்டு இறங்கின கொடி, வேனுக்குள்ள கொண்டுவராதேங்கோ" என்றாள். கடைசியில் வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடி, முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன்.

இங்கேதான் நான் செய்த பிழை. இந்த நாட்டில் ஒரு பொருளைக் கண்டெடுத்தால் ஃபுண்ட்பூரோ என்று ஒரு கந்தோர் இருக்கிறது, அங்கே கொடுக்கவேண்டும், அது சட்டம், எனக்கும் தெரியும். ஆனால் தாலிக்கொடியை அங்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, நம்பர் ஒட்டி, தொலைந்த வீட்டுத் திறப்புச் சாவிகளோடும் குடைகளோடும் ஒரு தட்டில் போட்டுவிடுவார்கள், யாரோ ஒரு பெண் வெறுங்கழுத்தோடு அழுதுகொண்டு இருப்பாள், புருசனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு இருப்பாள், அவளை நானே கண்டுபிடித்து என் கையாலேயே கொடுத்தால்தான் அது புண்ணியம் என்று நினைத்தேன். புண்ணியத்தோடு கொஞ்சம் புகழும் வரும் என்று நினைத்ததையும் மறைக்கமாட்டேன். கொடியை உள்ளங்கையில் விரித்து, தரிப்பிடத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் பிடித்து, யேர்மனித் தமிழர் கூடுகிற முகநூல் குழுவில் போட்டு, கீழே இரண்டு பக்கம் எழுதினேன். பத்தாயிரம் பேர் விருப்பம் போட்டார்கள், கவிசா எண்ணினால் நானூறு. அண்ணை நீங்கள் தெய்வம் என்று எழுதினவர்களும் உண்டு. ஒரு பெண்கூட அது என்னுடையது என்று வரவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு, அங்கே அந்த நேரமே வெளித்துவிடும், பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேன் கண்ணாடியால் பார்த்தேன், கரையில் ஒரு பெண். தனியே. நான் கொடி எடுத்த அதே இடம், ஓரடி இப்படி அப்படி இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு குனிந்து, காலடியில் எதையோ தேடுகிற மாதிரி மெல்ல நடந்தாள், கையால் மணலைத் தொடவில்லை, பார்வைதான். பத்து நிமிசம். பிறகு மணல் மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டாள். நிறத்தைப் பார்த்தேன், முடியைப் பார்த்தேன், எங்கள் பெண். நனைந்த சேலையோடு நின்றாள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன், சேலை இல்லை, கறுப்பு மழைக்கோட்டு. காலடித் தடமே இல்லை என்றும் சொன்னேன், போய்ப் பார்த்தேன், தடம் இருந்தது, சின்னக் கால், ஒரு சப்பாத்தின் அடி தேய்ந்தது. ஆனால் பயம் பொய் இல்லை பிள்ளை. அன்றைக்கு முழுக்க வேனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது, டிற்றெக்ரரின் பற்றறியைக் கழற்றி வைத்த பிறகும் கேட்டது. இரண்டாம் நாளும் வந்தாள், மூன்றாம் நாளும் வந்தாள், அதே ஐந்து மணி, அதே இடம், அதே குனிந்த தலை. சின்னம்மா வேனின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தாள், பேணிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி வேனின் புகை எச்சரிக்கை அலறி, நாய்க்காரக் கிழவர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். மூன்றாம் நாள் நான் ஒருக்கால் கதவைத் திறந்து, "பிள்ளை, தங்கச்சி" என்று கூப்பிட்டேன். என் தமிழ் காதில் விழுந்ததும் அவள் ஓடின ஓட்டம் இருக்கிறதே, நான் பேயைக் கண்டு பயந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள்தான் என்னைப் பேயாகக் கண்டு ஓடினாள்.

அன்று பின்னேரம் போன் வந்தது. நல்ல மரியாதையான குரல், தேன் மாதிரி. "அண்ணை, அது என்ர மனுசியின்ர கொடி. போன வருசம் கடலுக்கை குளிக்கேக்க கழண்டு போச்சு, அவ அழாத நாளில்லை" என்றான். பூட்டில் என்ன எழுத்து என்று கேட்டேன், சரியாகச் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த ஊர், எந்தத் தரிப்பிடம், எந்த வாசலால் வரவேண்டும் என்று அவன் கேட்கக் கேட்க, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அத்தோடு விட்டேனா? "தம்பி, ஒரு அதிசயம் கேளும், உம்மட கொடி கிடந்த இடத்துக்கு எங்கட பொம்பிளை ஒண்டு ஒவ்வொரு நாளும் விடிய ஐஞ்சு மணிக்குப் பேய் மாதிரி வந்து நிக்குது" என்று ஆவிக் கதையும் விட்டேன். எத்தனை நாளாக வருகிறாள் என்று மட்டும் கேட்டான். பிறகு, "அப்பிடியோ அண்ணை" என்றான், அதே தேனோடு, "நான் இண்டைக்கே வெளிக்கிடுறன்."

எட்டு மணித்தியாலம் ஓடி விடிய நாலரைக்கு வந்து சேர்ந்தான். ஸ்திரி போட்ட சேட்டு, தலை வாரி, கையில் ஒரு பெட்டி இனிப்பு. அண்ணை அக்கா என்று காலைத் தொடாத குறை. சின்னம்மா தேத்தண்ணீர் போட்டாள், நான் பேணியைத் திறந்து கொடியை எடுத்து ஒரு பேச்சும் பேசி அவன் முன்னால் மேசையில் வைத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை தேனுஜா. தன் மனைவியின் கழுத்தில் தன் கையாலே கட்டின கொடி, ஒரு வருசம் கடலுக்குள் கிடந்து வந்தது, கையில் எடுத்துப் பார்க்கவில்லை, தொடவில்லை. கண்ணாடிக்கு நேரே தள்ளி உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டு, "ஐஞ்சு மணி எண்டனீங்கள், சரியா ஐஞ்சோ?" என்று கேட்டான். "தனியத்தான் வாறவவோ? சின்னப் பிள்ளை ஒண்டும் கூட வாறேல்லையோ? எந்தப் பக்கத்தால வாறவ?" என்று கேட்டான். தண்ணீர் எடுக்கிற சாட்டில் சின்னம்மா என்னை வெளியே கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, அந்தாள் கொடிக்கு வரேல்லை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.  இவ்வளவு நாளும் கடலுக்குள் செத்த ஒருத்திக்கு நான் பயந்துகொண்டிருந்தேன், உயிரோடு இருக்கிற ஒருத்தியின் இடத்தை நான் படம் பிடித்துப் போட்டு, நேரமும் குறித்துக் கொடுத்து, வழியும் காட்டியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். நான் திரும்பி வேனுக்குள் பார்க்கிறேன், அவன் ஏற்கனவே இறங்கி மணலில் நடந்துகொண்டிருக்கிறான், ஓடவில்லை, மெல்ல, பூசைக்குப் போகிறவன் மாதிரி. பாதி தூரத்தில் நின்று, "சிவானுஜா, வா அம்மா, வீட்டை போவம்" என்று கூப்பிட்டான். அப்போதுதான் அவள் பெயர் எனக்குத் தெரிந்தது. கோபமான குரல் இல்லை, தாலாட்டுகிற குரல். அவள் தலையைத் தூக்கினாள். ஓடுவாள் என்று நினைத்தேன், என் குரலுக்கு ஓடினவள். அவள் ஓடவில்லை. இரண்டு கையும் தொங்க, அவனை நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஒரு அடி, இன்னொரு அடி, யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, நித்திரையில் நடக்கிறவள் மாதிரி. அந்த நடையைத்தான் நான் இப்போதும் கண்ணை மூடினால் காண்கிறேன், பேய் என்று நான் சொன்னதெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. டிற்றெக்ரர் தடியால் அவன் முதுகில் மூன்று அடி போட்டேன், அவன் மணலில் உருண்டான் என்று நித்தியானந்தன் அண்ணைக்கும் கோயில் ஆட்களுக்கும் சொல்லியிருக்கிறேன், நீ அங்கே யாரிடமாவது அப்படிக் கேள்விப்பட்டால் நம்பாதே. நான் செய்தது என்னவென்றால், நின்றேன். தடி கையில், வாய் திறந்தபடி, நின்றேன். வேனின் ஹோர்ணில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினது உன் சின்னம்மா. முழங்கால் ஏலாத மனுசி எப்படி அந்தச் சீற்றில் ஏறினாளோ தெரியாது, கையை எடுக்கவே இல்லை, அந்தச் சத்தம் கடலுக்கு மேலால் போய்த் திரும்பி வந்தது. நாய் குரைத்தது, கிழவர் மேல்சட்டை இல்லாமல் ஓடி வந்தார், அவருடைய மனைவி போனை எடுத்துப் பொலிசுக்குக் கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான் சிவானுஜா விழித்தாள். திரும்பினாள், மேட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான், கையெடுத்துக் கும்பிட்டான், காரை எடுத்துக்கொண்டு பொலிஸ் வருவதற்குள் போய்விட்டான். மேசையில் தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது, இனிப்புப் பெட்டி கிடந்தது, கொடியும் வைத்த இடத்திலேயே கிடந்தது.

மத்தியானம் பொலிசோடு ஒரு பிள்ளை வந்தாள், எவ்லின் என்று பெயர், இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை, புருசனிடம் இருந்து தப்பி வருகிற பெண்களை மறைத்து வைத்திருக்கிற காப்பகத்தில் வேலை. அந்த வீடுகளின் விலாசம் யாருக்கும் சொல்லமாட்டார்களாம், அவனும் கிட்ட வரக்கூடாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நான் தொடங்கினேன், எனக்குத் தெரியாது பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் என்று. "அங்கிள், நீங்கள் கெட்ட ஆள் இல்லை, எனக்கு விளங்குது" என்றாள், "ஆனா கெட்ட ஆக்களுக்கு வழி காட்டுறது எப்பவும் நல்ல ஆக்கள்தான், அவையளுக்குக் கதைக்கத்தான் தெரியும், கேக்கத் தெரியாது." பொலிஸ்காரனுக்கு முன்னால் என்னை இப்படி ஒரு சின்னப் பிள்ளை சொல்லி நான் வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். சிவானுஜா இரண்டு மணித்தியாலத்தில் பெட்டி கட்டவேண்டி வந்ததாம், இது மூன்றாவது ஊர். முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைத்து ஆறு மாதம் முடித்திருந்தாளாம், அது போச்சு, மகளுக்குக் கிண்டர்கார்டனில் அப்போதுதான் ஒரு சிநேகிதி பிடித்திருந்ததாம், அதுவும் போச்சு. ஒவ்வொரு நாளும் விடிய வந்து என்ன தேடினவள் என்று கேட்டேன், அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கொடி கழன்று விழவில்லையாம். இந்த ஊருக்கு வந்த முதல் கிழமையே அவளே கழற்றி எறிந்தாளாம். "கடல் திருப்பித் தந்திடுமோ எண்டு அவவுக்குப் பயம் அங்கிள், அதுதான் ஒவ்வொரு நாளும் கரையைப் பாக்க வாறவ" என்றாள் எவ்லின். கடல் தரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடியை என்ன செய்ய என்றேன், சிவானுஜா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றாள். போகிற வழியில் ஃபுண்ட்பூரோவில் கொடுத்தேன், அங்கே இருந்த பெண் மஞ்சள் நிறச் சங்கிலி, ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். முதல் நாளே அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சிவானுஜாவின் பிள்ளை இன்றைக்கும் அந்தச் சிநேகிதியோடு விளையாடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள் நிசாந் திரும்பவும் போன் எடுத்தான். "மாமா, எனக்கு ஒண்டும் வேண்டாம், அவளின்ர சாமான் கொஞ்சம் கிடக்கு, அனுப்பத்தான் கேக்கிறன், விலாசம் மட்டும் தந்தாக் காணும்" என்றான். எத்தனையோ தரம் கேட்ட குரல்தான், அன்றைக்குத்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டேன். மணலில் பாதி தூரத்தில் நின்று கூப்பிட்ட அதே தேன். என்ன சாமான் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. நீ சுகமா என்று அவன் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை என்று அப்போது நினைத்துப் பார்த்தேன், எங்கே வேலை, எத்தனை மணிக்கு வேலை முடியும், யாரோடு இருக்கிறாய், இதைத்தான் கேட்டிருக்கிறான். நானும் சொல்லியிருக்கிறேன் மகள். மாசி மாதம், என் பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்ட்டில் பொறுப்பாக இருக்கிறாள், உன்னை விட்டுப் போய் அவள் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று அவனுக்கு மூக்குடைக்கிறேன் என்று நினைத்து, ஊரின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லிவிட்டேன். வீட்டு விலாசம் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். இரண்டு வருசத்துக்கு முன்னால் நீ எனக்கு எடுத்து, "சித்தப்பா, எனக்கு ஏலாது" என்று சொன்ன நாளையும் நினைத்தேன். உன்னைப் பெற்ற அண்ணையும் ரஞ்சினி அண்ணியும் செத்துப் போனபிறகு ஆறு வயதில் உன்னைத் தூக்கி வந்தவன், நீ ஒன்றுக்கும் ஏலாது என்று சொல்லிக் கேட்டதே இல்லை, அன்றைக்குத்தான் முதல்தரம் சொன்னாய். நான் என்ன ஏலாது, எப்படி ஏலாது என்று கேட்கவில்லை. நான் பார்த்துச் செய்த கலியாணம், மண்டபத்தில் நானூறு பேருக்கு முன்னால் பேசின பேச்சு, அதுதான் என் கண்ணில் நின்றது. கொஞ்சம் பொறு பிள்ளை என்றேன். நீ போனை வைத்த சத்தம் எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது, இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி நான் செய்திருக்கிற வேலையைக் கேள். நிசாந்துக்கு, அவள் அந்த வேலையை விட்டுவிட்டு நோர்வேக்கு வந்துவிட்டாள், பனிக்கடலில் ஓடுகிற கப்பலில் தாதி, கப்டனே இவளைக் கேட்டுத்தான் நங்கூரம் போடுகிறான் என்று சொன்னேன். நித்தியானந்தன் அண்ணைக்கு நீ கனடா. மேல்வீட்டு லூர்தம்மா அக்காவுக்கு நீ துபாய், அரச குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறாய். கோயிலில் ஆளுக்கொரு நாடு கொடுத்திருக்கிறேன், போன வெள்ளி இரண்டு பேர் நீ எங்கே இருக்கிறாய் என்று பிரகாரத்திலேயே சண்டை பிடித்தார்கள், சின்னம்மா முந்தி என் வாய்க்குத் தலையில் அடிப்பவள், இப்போது பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்று தலையாட்டுகிறாள். ஆனால் நிசாந் நம்பினானோ தெரியாது, மாசி மாதம் சொன்ன அந்த ஒரு உண்மையை என்னால் திருப்பி வாங்க ஏலாது. ஆகையால் இதை வாசித்து முடித்தவுடன் அந்த ஆஸ்பத்திரி மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல், வேறு இடத்துக்கு மாறப் பார், அங்கேயும் எவ்லின் மாதிரிப் பிள்ளைகள் வேலை செய்கிற இடங்கள் இருக்கும், பொலிசிலும் சொல்லி வை, வெட்கப்படாதே. வேலை முடிந்து ஒரே வழியால் ஒரே நேரத்துக்குப் போகாதே. வாசலில் நின்று அவன் கூப்பிட்டால், எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும், அந்தக் குரலை நோக்கி ஒரு அடி வைக்காதே, சத்தம் போடு, ஊரை எழுப்பு. வெறுங்கழுத்தோடு திரிகிறாள் என்று யாரும் எழுதினால் என்னிடம் அனுப்பு, நான் பதில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உறைக்குள் வைத்து உன் பெயரை மட்டும் எழுதிக் கவிசாவிடம் கொடுக்கிறேன், விலாசத்தை அவள் தன் அறையில் இருந்து எழுதி ஒட்டட்டும், நான் பார்க்கமாட்டேன். நீ இடம் மாறின பிறகு புது இடத்தை அவளுக்குச் சொல், சின்னம்மாவுக்கு வேண்டுமானால் சொல். உனக்கு நோய்நொடி அண்டாமல், பயமில்லாத ஒரு கதவு அமைந்து, நிம்மதியான நித்திரை வரவேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிடுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே பிள்ளை. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குச் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே. அழுதுகொண்டு கேட்டாலும், சித்தப்பா கடைசிக் கட்டிலில் கிடக்கிறார், ஒருக்கால் சொல்லு என்று யார் எடுத்துக் கேட்டாலும் சொல்லாதே.

உன்னைத் தூக்கி வளர்த்த,
சித்தப்பா உருத்திரமூர்த்தி